இலக்கத் தகட்டை மறைத்தால் அதிவேகப் பாதைக் கட்டணம் மிச்சமாகுமா?

பொத்தானை அழுத்தியதும் காரின் பின்பக்க இலக்கத் தகட்டின் மேல் ஒரு கறுப்புத் திரை இறங்குகிறது. கட்டணக் கமெராவைத் தாண்டியதும் திரை மேலே போய்விடுகிறது. கைபேசிகளில் சுற்றும் இத்தகைய வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வாடகை வான் ஓட்டும் மலையக இளைஞர்கள் சிலர் நம் ஊரிலும் இது பலிக்குமா என்று கேட்கிறார்கள்.

பலிக்காது. இலங்கையில் தகட்டை மறைப்பதால் ஒரு ரூபாயும் மிச்சமாகாது. அனுமதிப்பத்திரமும் சில நாள் வருமானமும் கையை விட்டுப் போகலாம். எண்ணைப் போலியாக மாற்றினால் விளைவு இன்னும் பாரதூரமானது.

பல நாடுகளில் கட்டணச் சாவடியே இல்லாத பாதைகள் இருக்கின்றன. வாகனம் நிற்காமல் போகிறது. கமெரா தகட்டைப் படிக்கிறது. கணக்கு உரிமையாளருக்குப் போகிறது. எண் தெரியாவிட்டால் யாரிடம் கேட்பது என்ற சிக்கல் அங்கே உண்டு. அதனால்தான் அந்த நாடுகளில் சட்டமும் கடுமையாக இருக்கிறது. பிரித்தானியாவில் தகடு விதிப்படி இல்லாவிட்டாலே 1,000 பவுண் வரை அபராதம் விதிக்கலாம். துபாயில் சாலிக் என்ற கட்டண முறை 2007 முதல் இயங்குகிறது. முன்கண்ணாடியில் ஒட்டிய மின்னணு வில்லைக்குரிய கணக்கிலிருந்து பணம் கழிகிறது. கமெரா தகட்டையும் பார்க்கிறது. நம் தோட்டங்களிலிருந்து வளைகுடாவுக்குச் சாரதிகளாகப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே முதலாளியின் வாகனத்தில் இந்த விளையாட்டு நடந்தாலும், பொலிஸ் நிறுத்தும்போது ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் நீங்கள்தான்.

இலங்கையின் முறை வேறு. நுழையும்போது டிக்கெட்டைக் கையில் வாங்குகிறீர்கள். வெளியேறும் இடத்தில் அதைக் கொடுத்து, வந்த தூரத்துக்கும் வாகன வகைக்கும் ஏற்பப் பணம் கட்டுகிறீர்கள். பணம் கட்டினால்தான் தடுப்புக் கம்பம் உயரும். சில ஒழுங்கைகளில் மின்னணு வில்லை மூலமும், அண்மைக் காலமாகச் சில இடங்களில் வங்கி அட்டை மூலமும் செலுத்தலாம். எப்படிச் செலுத்தினாலும் கட்டணத்தைக் கேட்பது உங்கள் கையில் உள்ள டிக்கெட்டோ கண்ணாடியில் உள்ள வில்லையோதான். தகட்டைச் சேலையால் சுற்றி மூடினாலும் கம்பம் தானாக உயராது.

மலைக்குள் எந்த வீதியிலும் இந்தக் கட்டணம் கிடையாது. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கலை வழியாக அவிசாவளைக்கு இறங்கும் பாதையிலும் இல்லை; கடுகண்ணாவைக் கணவாயிலும் இல்லை. அவிசாவளைப் பக்கமாக வருகிறவர்கள் கடுவலையிலும், கண்டிப் பக்கமாக வருகிறவர்கள் கடவத்தையிலும் வெளிச்சுற்று வட்ட அதிவேகப் பாதையில் ஏறி, கெரவலப்பிட்டி வழியாக விமான நிலையம் போகிறார்கள். 2022 ஜனவரியில் திறந்த மீரிகமை–குருநாகல் பகுதியும் கட்டணப் பாதைதான். கட்டணம் அறவிடும் அதிகாரம் 2008ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கத் தேசிய பெருந்தெருக்கள் சட்டத்திலிருந்து வருகிறது.

தகட்டைப் பற்றிய சட்டம் அதைவிடப் பழையது: 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள் என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் கொடுத்த தகடுகள் எந்த நேரமும் தெளிவாகத் தெரிய வேண்டும். கட்டணப் பாதைக்கு மட்டும் உரிய விதி அல்ல இது. கடவத்தையில் எப்படியோ நோர்வூட் சந்தியிலும் அப்படியே.

2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்த உடனடித் தண்டப்பணப் பட்டியலில் இலக்கத் தகட்டுக் குற்றத்துக்கு 1,000 ரூபாய். தொகை சிறியது என்று எண்ணிவிட வேண்டாம். பொலிஸார் சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு தண்டப் பத்திரத்தைத் தருவார்கள். அதுவே 14 நாட்களுக்குத் தற்காலிக அனுமதி. அதற்குள் தபாலகத்தில் பணத்தைக் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டி அனுமதிப்பத்திரத்தை மீட்க வேண்டும். 14 நாள் தாண்டினால் தொகை இரட்டிப்பாகும். 28 நாளும் தாண்டினால் நீதிமன்றம். அதுவும் ஹட்டன் நீதிமன்றம் அல்ல; குற்றம் நடந்த இடத்துக்குரிய நீதவான் நீதிமன்றம். தலவாக்கலையிலிருந்து ஒரு சாரதி விடியற்காலை பஸ் ஏறி மேல் மாகாணத்து நீதிமன்ற வாசலில் நாள் முழுவதும் நிற்பதை எண்ணிப் பாருங்கள். அன்றைய ஹயர் போயிற்று. சட்டத்தரணிக்கும் கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் மறைத்ததற்கு. எண்ணை மாற்றுவது வேறு வகைக் குற்றம். மூன்றை எட்டாக்குவது, இன்னொரு வாகனத்தின் தகட்டை மாட்டுவது, கராஜில் ஒரு தகட்டை அடித்துக்கொள்வது ஆகியவை தண்டப் பத்திரத்தோடு தீராதவை. தண்டனைச் சட்டக்கோவையில் போலியாக்கலுக்கும் ஏமாற்றுதலுக்கும் உள்ள பிரிவுகள் வரை வழக்குப் போகலாம். அவற்றில் சிறைத் தண்டனையும் உண்டு. வாகனம் பொலிஸ் நிலைய முற்றத்தில் கிடக்கும். லீசிங் தவணை மட்டும் மாதந்தோறும் ஓடும்.

அந்த எண்ணுக்கு உண்மையான சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார் என்பதை யாரும் நினைப்பதில்லை. 2024 ஜனவரியில் கொழும்பில் கமெரா மூலம் போக்குவரத்துக் குற்றங்களைப் பிடிக்கும் முறை தொடங்கியது. வாகனம் எந்த ஊரைச் சேர்ந்ததாயினும் அறிவித்தல் பதிவு உரிமையாளரைத் தேடி வரும். யாரோ ஒருவர் போலித் தகட்டோடு செய்த தவறுக்கு, அன்று வீட்டு வாசலிலேயே வாகனத்தை நிறுத்தியிருந்த ஒருவர் பண்டாரவளைப் பொலிஸில் விளக்கம் சொல்ல நேரிடும். அப்படி ஓர் அறிவித்தல் வந்தால் பணத்தைக் கட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளாதீர்கள். பதிவுச் சான்றிதழோடு பொலிஸ் நிலையம் போய் எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். அந்த நேரத்தில் வாகனம் எங்கே இருந்தது என்பதற்கு உள்ள சான்றைக் கொடுத்து, முறைப்பாட்டின் பிரதியைக் கையில் வைத்திருங்கள்.

இதே தலைவலி கையொப்பமிட்ட படிவத்தோடு மட்டும் வாகனம் கைமாறும்போதும் வருகிறது. ‘ஓபன் பேப்பர்’ என்று நம் பக்கம் மிகச் சாதாரணமாகச் சொல்கிறோம். கைமாறி 14 நாட்களுக்குள் திணைக்களத்தில் உரிமை மாற்றம் செய்ய வேண்டும். விற்றதைத் திணைக்களத்துக்கு அறிவிக்கும் எம்.டி.ஏ. 6 படிவத்தை விற்றவர் தாமே அனுப்பிவிட்டால், வாங்கியவர் செய்யும் தவறு அவர் கதவைத் தட்டும் ஆபத்துக் குறையும். விற்றுப் பல ஆண்டுகள் கழித்தும் பழைய வானுக்காகப் பொலிஸுக்கு அலைபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

மறைக்க வேண்டும் என்று நினைக்காமலே மறைப்பவர்கள்தான் மலையகத்தில் அதிகம். மழைக்காலத்தில் தோட்டத்துப் பாதையில் ஏறி இறங்கினால் பின்தகடு முழுவதும் செம்மண். மரக்கறி லொறியில் தார்ப்பாய் தொங்கித் தகட்டை மூடும். சரஸ்வதி பூசை நாளில் சந்தனமும் குங்குமமும் தகட்டில் விழும். முன்னால் கட்டிய வாழைக்கன்றும் மாலையும் எண்ணை மறைக்கும். நிறுத்திய அதிகாரி பக்தியையும் மண்ணையும் புரிந்துகொள்ளலாம். ஆனால் தகடு தெரிய வேண்டும் என்பது சாரதியின் பொறுப்பாகவே இருக்கிறது. ஒரு துணியும் ஒரு போத்தல் தண்ணீரும் வானில் இருந்தால் போதும்.

இந்த மண்ணில் தகட்டை மறைத்ததற்கு ஒரு வரலாறும் உண்டு. 1957இல் சிங்கள ஸ்ரீ எழுத்து இலக்கத் தகடுகளில் வந்ததையடுத்து, அதன் மேல் தார் பூசிய போராட்டத்தின் அதிர்வு மலையகத்தையும் எட்டியது. அந்தப் போராட்டக்காரர்கள் மொழிக்காக, ஊரறிய, கைதாகத் தயாராக நின்று பூசினார்கள். கட்டணத்துக்குப் பயந்து இருட்டில் ஒட்டும் கறுப்பு நாடாவை அதோடு ஒப்பிட முடியாது.

நம் வீதிகளுக்கு நடைபாதை கிடையாது. கொழுந்துக் கூடையோடு போகும் அம்மாவும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் வான் உரசிப் போகும் அதே ஓரத்தில்தான் நடக்கிறார்கள். மூடுபனியில் ஒரு வாகனம் இடித்துவிட்டு ஓடினால், விழுந்தவருக்கு நட்டஈடு கேட்கவும் வழக்குப் போடவும் இருக்கும் ஒரே பிடி, யாராவது கண்ட அந்த நான்கு இலக்கங்கள்.

கூலிக்கு ஓட்டும் சாரதிகள் சாவியை வாங்கும் முன் இரண்டு தகடுகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள எண்ணோடு ஒத்திருக்கிறதா என்றும் பாருங்கள். தகட்டின் மேல் கறுத்த பிளாஸ்டிக் மூடியோ தகட்டை மடிக்கும் சட்டகமோ இருந்தால், அதைக் கழற்றிய பின்பே ஓட்டுவேன் என்று முதலாளியிடம் சொல்லுங்கள். தகடு விழுந்து தொலைந்திருந்தால் முதலில் பொலிஸ் முறைப்பாடு. பின்பு அதன் பிரதியோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றுத் தகட்டுக்கு விண்ணப்பம். அதை வாங்கித் தருவது வாகன உரிமையாளரின் வேலை.