சிலாப்பைத் தடிப்பாகப் போட்டால் மட்டும் போதாது

திருகோணமலைக் கடற்கரையை அண்டிய ஒரு வீட்டில், சென்ற மாரி மழையோடு, மாடியின் வெளிநீட்டுச் சிலாப் சுவரோரத்தில் வெடித்துக் கீழ்நோக்கித் தொங்கியது. அந்த நேரத்தில் கீழே எவரும் நிற்கவில்லை என்பதனால்தான் அது செய்தியாகாமல் போயிற்று. பார்க்கச் சென்ற என்னிடம் வீட்டுக்காரர் கேட்டது ஒரே கேள்விதான்: "5 அங்குலம் காணும் என்று மேசன் சொன்னார், நான்தான் 6 அங்குலம் போடச் சொன்னேன். பிறகு எப்படி சேர் உடையும்?" உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியா, மூதூர் என்று எங்கு போனாலும் இந்த அங்குலக் கணக்கைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். ஆகவே இம்முறை எழுதிவிடுவது என்று தீர்மானித்தேன்.

தடிப்பு என்பது இலவசமாகக் கிடைக்கும் பலமாகாது. முதலில் அது பாரம். ஒரு கனமீற்றர் கொங்கிறீற் ஏறத்தாழ 2400 கிலோ நிறையுடையது. 100 சதுர அடி அறை ஒன்றின் சிலாப்பில் ஓர் அங்குலத்தைக் கூட்டினால், ஏறக்குறைய 560 கிலோவை, அதாவது 50 கிலோ சீமெந்து மூட்டைகள் பதினொன்றை, ஆயுள் முழுவதும் இறக்கி வைக்க முடியாதபடி அந்தக் கூரையில் ஏற்றிவிடுகிறீர்கள். 5 அங்குலச் சிலாப் ஒரு சதுரமீற்றருக்குச் சுமார் 300 கிலோ. வீட்டில் மனிதர்களுக்கும் தளபாடங்களுக்குமாக நாங்கள் கணக்கில் எடுப்பது அதில் ஏறக்குறைய பாதிதான். ஆக, ஒரு சிலாப் தாங்கும் சுமையில் பெரும்பகுதி அதன் சொந்தப் பாரமே. விட்டத்துக்கும் தூணுக்கும் அத்திவாரத்துக்கும் சொல்லாமல் மேலே மட்டும் தடிப்பைக் கூட்டுகிறவர், வீட்டைப் பலப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு அதைச் சுமக்கவே வைக்கிறார். கம்பி சரியான இடத்தில் இருந்தால் கூடுதல் தடிப்பு உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் பார்க்கும் வீடுகளில் தடிப்புச் சரியாகவே இருக்கிறது. கம்பிதான் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

கொங்கிறீற் நசுக்கலைத் தாங்கும் அளவில் பத்தில் ஒரு பங்குதான் இழுப்பைத் தாங்கும். இழுப்பு வரும் பக்கத்தில் கம்பி இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். இரு சுவர்களின் மேல் கிடக்கும் சிலாப்புக்கு நடுப்பகுதியில் இழுப்பு அடிப்பக்கம் வரும். ஒரு பக்கம் மட்டும் பிடிப்புள்ள பால்கனிக்கும், யன்னலுக்கு மேல் நீட்டிவிடும் மறைப்புக்கும் அது மேற்பக்கம் வரும். வரைபடத்தில் சரியாகக் கீறியிருந்தாலும், கொங்கிறீற் கொட்டும் நாளில் வாளியோடு நடப்பவர்கள் அந்த மேற்கம்பியை மிதித்து மிதித்துத் தாழ்த்திவிடுகிறார்கள். 5 அங்குலப் பால்கனியில் மேற்கம்பி 2 அங்குலம் தாழ்ந்தால் அதன் வலிமையில் ஏறத்தாழப் பாதி போய்விடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. நான் மேலே சொன்ன வீட்டில் உடைந்த வாயைப் பார்த்தபோது கம்பி அடியோரமாகக் கிடந்தது; அங்கே 6 அங்குலம் அல்ல, 8 அங்குலம் போட்டிருந்தாலும் உடைந்துதான் இருக்கும். மேற்கம்பியைத் தாங்குவதற்கு வளைத்த கம்பித் துண்டுகளை இடையிடையே நிறுத்துங்கள், நடப்பதற்குப் பலகை போடுங்கள், கொட்டுவதற்கு முதல்நாளே கம்பியைக் காட்டுங்கள். சுபநேரம் காலை 6 மணிக்கு என்று சொல்லிவிட்டு, 5 மணிக்கு எனக்குத் தொலைபேசி எடுப்பதில் பயனில்லை. கலவை இயந்திரம் ஓடத் தொடங்கிய பின் கம்பியை அவிழ்க்கச் சொன்னால் அங்கே நான்தான் எதிரி.

இதே தவறு வடிகாலுக்கும் மலக்குழிக்கும் மூடியாக வார்க்கும் சிலாப்புகளில் வேறு விதமாக நடக்கிறது. நிலத்தில் வைத்து, அடிப்பக்கம் கம்பி வரும்படி ஒழுங்காகத்தான் வார்க்கிறார்கள். தூக்கிப் போடும்போது புரண்டு, கம்பி மேலேயும் வெறும் கொங்கிறீற் கீழேயுமாகப் போய்விடுகிறது. ஈரம் காயும் முன்பே மேற்பக்கத்தில் ஓர் ஆணியால் கோடு கீறிவிட்டால் தீர்ந்தது. அந்த மூடிகளின் மேல் முச்சக்கரவண்டியை ஏற்றாதீர்கள், பிள்ளைகளை விளையாட விடாதீர்கள்.

திருகோணமலைக்கே உரிய தொல்லை உப்பு. உப்புக் காற்று கம்பியைத் தொட்டால் என்ன ஆகும் என்பதைக் கடற்கரையில் வாழும் நமக்கு நான் விளக்க வேண்டியதில்லை. துரு பருத்து, அடிக் கொங்கிறீற்றைத் தள்ளிவிடும். அதைத் தள்ளிப்போடுவது கம்பிக்கும் வெளிமுகத்துக்கும் இடையே உள்ள கொங்கிறீற் மட்டுமே. கடலை நோக்கிய வெளிச் சிலாப்புகளுக்கு இந்த மூடுகனம் 40 மில்லிமீற்றர் இருக்கும்படி கேளுங்கள். அதற்காகத் தடிப்பைச் சற்றுக் கூட்டுவது நியாயமானது, ஆனால் அது கணக்கோடு வரைபடத்தில் வர வேண்டும். கம்பிக்குக் கீழே உடைந்த ஓட்டுத் துண்டையோ சல்லிக்கல்லையோ செருகாமல், அளவாக வார்த்த சீமெந்துக் கட்டைகளை வையுங்கள். கரையோர மணல் கைக்கெட்டிய தூரத்தில் கிடக்கிறது என்பதற்காக அதைக் கலக்காதீர்கள். கோடையில் உவர்க்கும் கிணற்றுத் தண்ணீரும் அதே உப்பைத்தான் கொண்டுவருகிறது. குடிக்க முடியாத தண்ணீரைக் கலவைக்கு ஊற்றாதீர்கள்.

தண்ணீரின் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 50 கிலோ மூட்டைக்கு 25 லீற்றர் அளவில் நிற்பது நல்லது, மணலில் உள்ள ஈரமும் அதற்குள் அடங்கும். கலவை இலகுவாக ஓட வேண்டும் என்று இன்னொரு வாளி ஊற்றுகிறவரைத் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகலில் சிலாப் போட்டால், மட்டம் பிடித்து முடிக்கும் முன்பே மேற்பரப்பு காய்ந்து மயிரிழை வெடிப்புகள் விழும். அதிகாலையிலோ பின்நேரத்திலோ கொட்டுங்கள். இறுகியவுடன் ஈரச் சாக்கால் மூடி, குறைந்தது 7 நாட்கள் ஈரம் காயாமல் பாருங்கள். காலையும் மாலையும் ஒரு வாளி விசிறுவது அதற்குப் போதாது. உட்சிலாப்பின் முட்டுகளை 14 நாட்கள் விடுங்கள். பால்கனியின் முட்டுகளை 28 நாட்களுக்கு எவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள், அடுத்த வேலைக்குப் பலகை தேவை என்று மேசன் நின்றாலும் சரி.

ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூரையின் அடிப்பக்கத்தில் கம்பியின் போக்கிலேயே நேர்கோடாக வெடிப்போ செம்பழுப்புக் கறையோ தெரிந்தால், சுத்தியல் பிடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் கேட்டால் பூச்சு கழன்றிருக்கலாம், கொங்கிறீற்றே பிரிந்தும் இருக்கலாம். அதன் மேல் புதிதாகப் பூசி வர்ணம் அடிப்பது துருவை நிறுத்தாது, எங்கள் கண்ணிலிருந்து மறைக்க மட்டுமே செய்யும். பால்கனி சுவரோடு சேரும் இடத்தில் மேற்பக்கம் நீளமாக வெடித்திருந்தால் அதைவிட அவசரம்: உடனே அடியில் முட்டுக் கொடுத்து, ஐப்பசி மழைக்கு முன்பாக ஒரு பொறியியலாளரிடம் காட்டுங்கள். 1000 லீற்றர் தண்ணீர்த் தொட்டி என்பது ஒரு தொன் பாரம். அப்படி ஒன்று அந்தப் பால்கனியின் மேல் இருந்தால் இன்றைக்கே வெறுமையாக்குங்கள், கீழே மோட்டார் சைக்கிளை நிறுத்தும் இடத்தையும் மாற்றுங்கள்.