லெகசி: 'வழிவந்த' என்று சொல்லலாம்

நிறுவனங்களின் கணினிப் பிரிவில் ஓர் இயங்குதளத்தை 'லெகசி' என்றால், காலங்கடந்தது, கழற்றப்பட வேண்டியது என்றே பொருள் கொள்கிறார்கள். அச்சொல்லின் பிறப்பில் இந்த இழிவு இல்லை. தூதராக அனுப்புதலையும் உயிலால் ஒப்படைத்தலையும் குறித்த 'லெகாரே' என்னும் இலத்தீன் வினையிலிருந்து கிளைத்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, இறந்தவர் விட்டுச்சென்ற உடைமையைக் குறிக்கலாயிற்று.

தமிழில் இதனை 'மரபு' என்று எழுதுவோர் உண்டு. ஆனால் மரபு முதன்மையாக வழக்கத்தையும் முறைமையையும் சுட்டும். ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு இறங்கும் உடைமை அதில் முன்னிற்பதில்லை. குமரி மாவட்டத்தாருக்குப் பொருத்தமான சொல் அருகிலேயே இருக்கிறது. திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்த நாஞ்சில் நாட்டில், தாய்மாமன் சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குச் சேர்வது 'மருமக்கள்வழி', தந்தை சொத்து பெற்ற பிள்ளைகளுக்குச் சேர்வது 'மக்கள்வழி' எனப்பட்டது. அந்த முறையின் நன்மை தீமை வேறு பேச்சு. உரிமை இறங்கும் தடத்துக்கு 'வழி' என்ற சொல் இங்கே சட்டப்பொருளோடு வாழ்ந்திருக்கிறது என்பதே நமக்கு வேண்டியது. ஆகவே 'வழிவந்த இயங்குதளம்' என்பதே என் பரிந்துரை.

இதற்கோர் எடுத்துக்காட்டு: ஐபிஎம் 1988இல் வெளியிட்ட ஏஎஸ்/400 என்னும் வணிகக் கணினியின் இயங்குதளம், 2008 முதல் 'ஐபிஎம் ஐ' என்ற பெயரில் தொடர்கிறது. நிரலுக்கும் வன்பொருளுக்கும் இடையே ஓர் இடைமுகத்தை அமைத்திருந்ததால், 1995இல் செயலியின் கட்டமைப்பே மாறியபோதும் ஆர்பிஜி என்னும் வணிக நிரல்மொழியில் எழுதிய பழைய நிரல்களைப் பெரும்பாலும் திருப்பி எழுத நேரவில்லை. இன்று அதே கணினியில், யூனிக்ஸ் வகை நிரல்களை இயக்கும் 'பேஸ்' (PASE) என்னும் சூழலுக்குள், பைத்தான், நோட்.ஜேஎஸ், நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' (Git) போன்ற திறமூல மென்பொருள்கள் இயங்குகின்றன. சரக்கிருப்புக் கணக்கைப் பழைய நிரலே பார்க்க, அதைக் கைப்பேசித் திரைக்குக் கொண்டுசேர்க்கும் வேலையைத் திறமூல மென்பொருள் ஏற்கலாம். ('திறமூலம்' ஓர் அழகிய வினைத்தொகை: திறந்த, திறக்கின்ற, திறக்கும் மூலநிரல்.)

இப்பணியை 'நவீனமயமாக்கல்' என்பதைவிடப் 'புதுக்குதல்' என்பது நேரானது. பழுதான கூரை ஓடுகளை மாற்றி, உறுதியான உத்திரத்தை அப்படியே விட்டுவைப்பதும் வீட்டைப் புதுக்குதல்தான்.

பராமரிப்பாரின்றி மூலையில் கிடக்கும் அமைப்பை மட்டும் 'வழிவந்த' என்று எழுதக் கூடாது. அது கைவிடப்பட்ட அமைப்பு.