பேய்ப் பங்களா: ஒரு சொல் விளக்கம்

பேய்ப் பங்களா என்று சொன்னதுமே தமிழ் படித்த எவருக்கும் அந்த வீடு தெரிந்துவிடும். ஊருக்கு ஒதுக்குப்புறம், சுற்றிவரப் பெரிய மரங்கள், மாடிக்குப் போகும் மரப்படி, பூட்டிய ஓர் அறை. திகில் படம் பார்க்காதவருக்குக்கூட இது தெரியும். அத்தனை பழகிப்போன சொல். அதனால்தான் ஆங்கிலப் படங்களுக்குத் தமிழில் கதைச்சுருக்கம் எழுதுகிறவர்களும் துணைவசனம் போடுகிறவர்களும் 'ஹாண்டட் ஹவுஸ்' என்று வந்தால் யோசிக்காமல் இதைப் போட்டுவிடுகிறார்கள். சிலர் 'பேய் பிடித்த வீடு' என்றும் எழுதுகிறார்கள். முதலாவது பரவாயில்லை. இரண்டாவது பிழை. இரண்டையும்விட நல்ல சொற்கள் கிழக்கிலங்கையில், எங்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பேச்சிலேயே கிடக்கின்றன.

முதலில் பங்களாவைப் பார்ப்போம். வங்காளத்தைக் குறிக்கும் 'பங்களா' என்ற சொல்லே இது. வங்காளத்துப் பாணியில் கட்டிய வீடு என்பதுதான் முதற்பொருள். அங்கே மழை அதிகம். மூங்கிலை வளைத்து, நடு உயர்ந்து இரு பக்கமும் தாழ்ந்த கூரை போட்டு வேய்வார்கள். அந்தக் கூரையின் அழகு மொகலாயரைக்கூட விடவில்லை. லாகூர்க் கோட்டையில் ஷாஜகான் கட்டிய நவ்லக்கா மண்டபத்தின் வளைந்த பளிங்குக் கூரை இதே வடிவந்தான். பதினேழாம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பனிக்காரர்கள் இந்தச் சிறிய, ஒரு தட்டுக் கூரைவீடுகளைப் பார்த்து, தாங்களும் அப்படிக் கட்டி, பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். இங்கிலாந்தில் இன்றைக்கும் அந்தச் சொல் மாடியில்லாத ஒரு தட்டு வீட்டைத்தான் குறிக்கிறது. நம் பக்கம் நடந்தது வேறு. வெள்ளைக்காரத் துரை எதில் குடியிருந்தாரோ அது பங்களா ஆனது. துரை பெரியவர், ஆகவே வீடும் பெரியது. அப்படித்தான் மூங்கிற் குடிசையின் பெயர் தமிழில் மாளிகைக்குப் போய்ச் சேர்ந்தது.

இலங்கையில் அந்தச் சொல்லுக்கு இன்னும் துரை வாசனை போகவில்லை. மலையகத்தில் தோட்ட அதிகாரியின் வீடுதான் பங்களா. வேலையாகச் சுற்றிவரும் அரசாங்க உத்தியோகத்தர் தங்குவது சேர்க்கிட் பங்களா. ஆனால் வழிப்போக்கர் தங்கும் அரசாங்க விடுதிக்கு எங்கள் மக்கள் 'வாடிவீடு' என்று அழகான பெயர் வைத்திருந்தார்கள். தமிழ்நாட்டில் இதே இடத்துக்குப் பயணியர் பங்களா, டிராவலர்ஸ் பங்களா என்று போனார்கள். வயலில் காவலுக்கும் கடற்கரையில் மீன்பிடிக்கும் போடுவது வாடி. வந்தவர் தங்கிப்போவது வாடிவீடு. இன்று 'ரெஸ்ட் ஹவுஸ்' வந்து அதைத் தள்ளிவிட்டது. அது எனக்கு வருத்தந்தான்.

இனி பேய். இதில் கடன் எதுவும் இல்லை. பழந்தமிழிலிருந்தே நம்மோடு வருகிற சொல். 'பே நாம் உரும் என வரூஉம் கிளவி ஆமுறை மூன்றும் அச்சப் பொருள' என்கிறது தொல்காப்பிய உரியியல். 'பே' என்றாலே அச்சம். அந்த அச்சத்தைத் தருவது பேய் என்று கொள்வது பொருத்தமாக இருக்கிறது. அப்புறம் அச்சொல் கட்டுக்கு அடங்காதது, பயன்படாதது, ஏமாற்றுவது என்று பல பக்கம் கிளை விட்டது. தின்ன முடியாத கசப்புச் சுரை பேய்ச்சுரை. தண்ணீர் போலக் காட்டி ஏய்க்கும் கானல் பேய்த்தேர். அளவில்லாமல் கொட்டினால் பேய்மழை. இலங்கைத் தமிழில் இந்த ஏமாற்றுப் பொருள் இன்னும் நன்றாக வளர்ந்திருக்கிறது. 'என்னைப் பேய்க்காட்டாதே' என்றால் என்னை ஏமாற்றாதே. 'பேய்க்கதை கதைக்காதே' என்றால் உளறாதே. பேயன் என்றால் முட்டாள். தமிழ்நாட்டு வாசகர் ஒருவர் 'பேய்க்காட்டினான்' என்று எங்கள் கதையொன்றில் படித்துவிட்டு அங்கே ஆவி வந்ததாக நினைத்தால் அவர்மீது குற்றமில்லை.

இந்தப் பேய் எங்கே இருந்தது என்பது முக்கியம். பழைய பாட்டுகளில் அது வீட்டில் இல்லை. புறநானூற்றில் பேய்மகளிர் போர்க்களத்தில் நிற்கிறார்கள். காரைக்காலம்மையார் பாடும் பேய்கள் திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் ஆடுகின்றன. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பாலைநிலத்துக் காளி கோயிலைச் சுற்றிப் பட்டினி கிடக்கின்றன. நாட்டு வழக்கில் அதன் இருப்பிடம் மரம்: பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரத்தில் ஏறத்தான் வேண்டும். ஆக, சுடலை, களம், காடு, புளியமரம். நாலு சுவருக்குள், படிக்கட்டும் சரவிளக்கும் உள்ள இடத்தில் தமிழ்ப் பேயைப் பெரும்பாலும் காண முடியாது. மாளிகைக்குள் அதைக் குடிவைத்தது ஐரோப்பியக் கதை மரபும் அதைப் பின்பற்றிய சினிமாவும். மேலை நாட்டில் பழங்கோட்டை, நாட்டுப்புறப் பிரபு வீடு, தலைமுறைச் சொத்து, மறைத்த கொலை என்று ஒரு கதை வகையே பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து வளர்ந்தது. அது தமிழுக்கு வந்தபோது, பேய் தமிழாகவும் வீடு கடனாகவும் அமைந்து 'பேய்ப் பங்களா' பிறந்தது. அந்தச் சேர்க்கையில் தப்பில்லை. எது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு பயன்படுத்தினால் நல்லது.

சரி, 'ஹாண்டட்' என்பதற்கு என்ன சொல்வது? இங்கேதான் மொழிபெயர்ப்பாளர்கள் சறுக்குகிறார்கள். அந்த வினைச்சொல் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. ஓர் இடத்துக்கு அடிக்கடி போய்வருவது, அங்கே புழங்குவது என்பதுதான் அதன் முதற்பொருள். ஒருவர் வழக்கமாகப் போகும் தேநீர்க்கடைக்குக்கூட ஆங்கிலத்தில் அச்சொல்லை இன்றும் சொல்வதுண்டு. ஆவி வந்துபோவது என்ற பொருள் பிறகுதான் ஏறியது. ஆகவே அதில் 'பிடிப்பது' கிடையாது. தமிழில் பேய் பிடிப்பது ஆளை. 'அவளுக்குப் பேய் பிடிச்சிட்டு' என்போம். வீட்டுக்குப் பேய் பிடிக்காது. ஆளைப் பேய் பிடிக்கும், அறையும். பேயறைந்தவன் போல் நிற்பான். இடத்தில் பேய் உலவும், குடிகொள்ளும், அண்டும். ஆளுக்கு ஒரு வினை, இடத்துக்கு ஒரு வினை என்று தமிழ் இவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்திருக்கும்போது 'பேய் பிடித்த வீடு' என்று எழுதுவது காதில் முள்ளாகக் குத்துகிறது.

எங்கள் பக்கத்தில் கிழவிமார் இதைப் பேய் என்ற சொல்லே இல்லாமல் சொல்லிவிடுவார்கள். "இராவையில அந்த வளவுப் பக்கம் போகாத மனே, நடமாட்டம் இருக்கு." (வளவு என்பது வீடும் அதைச் சுற்றி அடைத்த நிலமும்.) அவ்வளவுதான். யாருடைய நடமாட்டம் என்று சொல்வதில்லை. சொல்லாமல் விட்டதில்தான் பயம். இருட்டில் பெயர் சொன்னால் வந்துவிடும் என்ற நம்பிக்கையும் அதற்குள் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லின் முதற்பொருளான வந்துபோவது, புழங்குவது என்பதற்கு 'நடமாட்டம்' எவ்வளவு நெருக்கமாக வந்து நிற்கிறது என்று பாருங்கள்! ஆள் நடமாட்டம் இல்லாத வீட்டில்தான் மற்ற நடமாட்டம் என்ற கதைமுடிச்சும் ஒரே சொல்லில் கிடைக்கிறது. பேச்சுத்தமிழ் வசனத்துக்கு இதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை.

எழுத்துத்தமிழில் இன்னும் செறிவாக வேண்டுமானால் 'அணங்குடை' இருக்கிறது. அணங்கு என்பது சங்கத்தில் ஆளை வருத்தும் தெய்வ ஆற்றல். அது பெண்ணிடமும் இருக்கும், மலையிலும் இருக்கும், துறையிலும் இருக்கும். அகநானூற்றின் 22ஆம் பாட்டு 'அணங்குடை நெடுவரை' என்றே தொடங்குகிறது: தெய்வம் உறைகிற உயர்ந்த மலை. ஓர் இடத்துக்கே அந்தச் சக்தியை அடைமொழியாக்கும் இந்த அமைப்புத்தான் நமக்கு வேண்டியது. 'அணங்குடை மனை' என்று ஒரு படத்துக்குப் பெயர் வைத்தால் யாருக்கும் விளங்காது என்று சிலர் சொல்லக்கூடும். சுவரொட்டியில் ஒரு பழைய வீட்டின் படத்தோடு போட்டால் விளங்கும் என்பதே என் எண்ணம்.

அடுத்தது வீட்டின் பெயர். மேலைப் படத்தில் வரும் நாட்டுப்புறப் பெரியவீட்டுக்கு மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதியில் நேரான ஒப்பு போடியார் வளவுதான். போடியார் என்பவர் பெரும் வயற்காரர். அவருக்குக் கீழே வயலைப் பார்ப்பவர் முல்லைக்காரர். மட்டக்களப்பு வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை, அந்தப் பக்கம் படுவான்கரை என்று கிடக்கும் நாட்டில் நெல்லும் மாடும் ஆட்களுமாக நிறைந்திருந்த வளவுகள் அவை. வளைத்து அடைத்தது வளவு. வீட்டோடு சேர்ந்த நிலம், கிணறு, மரங்கள், நெற்பட்டறை எல்லாம் அதற்குள் அடக்கம். செட்டிநாட்டில் வீட்டின் உட்கட்டை வளவு என்பார்கள். சிங்களத்தில் நிலப்பிரபுவின் மாளிகைக்குச் சொல்லும் வலவ்வ என்பதும் காதில் விழுந்தவுடனே வளவோடு உறவு சொல்கிறது. அம்பாறையில் இரண்டு மொழியும் பக்கத்தில் பக்கத்தில் பேசப்படுவதால் அதை அன்றாடம் கேட்கலாம். சிங்களப் பேய்க்கதைகள் சிலவற்றில் ஆவி உலவுவதும் வலவ்வவில்தான்.

அந்த வீட்டுக்குள் பேய் என்னவெல்லாம் அசைக்கும்? யன்னல் அடித்துச் சாத்தும். அலுமாரி தானாகத் திறக்கும். சாவி காணாமல் போகும். விறாந்தையில் சாய்மனைக் கதிரை ஆடும். குசினியில் சத்தம் கேட்கும். இவற்றில் யன்னல், அலுமாரி, சாவி, விறாந்தை, கதிரை, குசினி ஆறும் போர்த்துக்கேய வழியாக வந்த சொற்கள். போர்த்துக்கேயர் மட்டக்களப்பு நகரிலுள்ள புளியந்தீவில் 1628இல் கோட்டை கட்டினார்கள். பத்தே ஆண்டில், 1638இல், ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) அதைப் பிடித்துக்கொண்டார்கள். கோட்டை கை மாறினாலும் வீட்டுச் சாமான்களின் பெயர் எங்கள் வாயிலேயே தங்கிவிட்டது. ஐரோப்பிய வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் சிலரிடம் போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்பு மொழியே இன்றும் மிஞ்சியிருக்கிறது. இந்தச் சொற்களை மாற்ற வேண்டியதில்லை. கிழக்கில் நடக்கும் கதையில் 'சாளரம் சாத்தியது' என்று எழுதினால் பயம் வராது. 'யன்னல் படாரெண்டு அடிச்சுது' என்றால் வரும்.

வீடு என்ற சொல்லுக்குள்ளும் ஒரு பேய்க்கதை இருக்கிறது. விடு என்ற வினை நீண்டு வந்த பெயர் அது. விட்டு நீங்குவதும் வீடு, வேலையை விட்டுவந்து தங்குவதும் வீடு. அறம், பொருள், இன்பம், வீடு என்னும்போது பிறவியிலிருந்து விடுபடுவது. செத்தும் வீடுபேறு கிட்டாமல் நிற்பதுதானே பேய்? வீடு கிட்டாதது வீட்டை விடாமல் சுற்றுகிறது.

இந்தப் படங்களைப் பற்றி எழுதும்போது வரும் அமானுஷ்யம், திரில்லர் என்ற இரண்டு சொற்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமானுஷ்யம் வடமொழி, மனிதத்தன்மைக்கு அப்பாற்பட்டது என்று பொருள். 'இயற்கை மீறிய' என்றால் எல்லாருக்கும் புரியும். திரில்லருக்குத் 'திகில் படம்' போதும். திகிலுக்குக் கன்னடத்திலும் தெலுங்கிலும் இனச்சொல் உள்ளது. பேய் இல்லாத, கொலைக்காரனைத் தேடும் கதையானால் 'மர்மப் படம்'.

கடைசியாக ஒன்று, இது மனசுக்கு நெருக்கமானது. ஆள் போன வீட்டுக்குப் பாழ்வீடு, பாழ்மனை என்ற சொற்கள் உண்டு. குறுந்தொகை 41இல் இன்னொன்று இருக்கிறது: 'மக்கள் போகிய அணிலாடு முன்றில் புலப்பில்'. புலம்பு என்றால் தனிமை. தனித்துப்போன இல் புலப்பில். ஊர்ச்சனம் போய்விட்டது, முற்றத்தில் அணில் விளையாடுகிறது. மனிதர் இருந்தால் அணில் அவ்வளவு துணிவாக நடுமுற்றத்துக்கு வராது. இந்த ஒரு காட்சிக்காகவே அந்தப் புலவருக்கு அணிலாடு முன்றிலார் என்று பெயராகிவிட்டது. 1990இல் மறுபடி போர் மூண்டு ஊர் ஊராகச் சனம் இடம்பெயர்ந்ததையும், 2004 டிசம்பர் 26 கடல் வந்ததையும் கண்ட கரை இது. கூரை போய், நிலைக்கதவு போய், சுவரில் ஆமணக்கு முளைத்து நின்ற வீடுகளை எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழியில் பார்த்தார்கள். அவற்றைப் பேய்ப் பங்களா என்று யாரும் சொன்னதில்லை. இன்னார் வளவு என்று, இருந்தவர் பெயரைச் சொல்லித்தான் அடையாளம் சொன்னார்கள். இந்த மண்ணில் திகில் படம் எடுக்க நினைக்கும் இளையவர்கள் புலப்பில் என்ற சொல்லை ஒருமுறையாவது எடுத்துப் பார்க்க வேண்டும். பேயைக் காட்டுமுன் அந்த வீடு ஏன் வெறுமையானது என்று அது கேட்க வைக்கும்.

எழுதும்போது: பேய் என்ற சொல்லுக்குப் பின் வல்லினம் வந்து தொகையானால் ஒற்று மிகும். பேய்க்கதை, பேய்ச்சுரை, பேய்த்தேர், பேய்ப்படம் போலவே பேய்ப் பங்களா. 'பேய் பிடித்தது' என்ற எழுவாய்த் தொடரில் மிகாது. வசனத்துக்கு 'நடமாட்டம் உள்ள வளவு', கதைச்சுருக்கத்துக்குப் 'பேய் உலவும் பெரியவீடு', தலைப்புக்கு 'அணங்குடை மனை' அல்லது 'புலப்பில்'. ஆங்கிலேயர் காலத்துத் துரை வீடே கதைக்களமானால் மட்டும் பங்களாவை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.