மூன்றாவது வாளி

சுன்னாகத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பழைய கல்வீட்டின் பெரிய மண்டபத்தைத் தடுத்து ஓர் அறை எடுக்கிறார்களாம். கல்லுச் சுவர் என்றால் அத்திவாரம் தோண்ட வேண்டும் என்பதால் ஜிப்சம் பலகை அடித்திருக்கிறார்கள். பலகைகளின் மூட்டுகளை நிரப்ப, மூட்டையில் வரும் வெள்ளைத் தூளை வாளியில் கலக்கினார்கள். முதல் வாளி இறுக அரை மணித்தியாலம் எடுத்தது. இரண்டாவது பத்து நிமிடத்தில் இறுகியது. மூன்றாவதோ சுவருக்குக் கொண்டு போகும் முன்பே கல்லாகிவிட்டது. மூட்டையும் ஒன்று, கிணறும் ஒன்று, கலக்கிய கையும் ஒன்று. வேலை செய்தவர், "வீட்டுக்கு நாவூறு, ஐயா. வாசலில் ஒரு தேசிக்காயைக் கட்டிவிடுங்கள்" என்றாராம். இரசாயனம் இதற்கு என்ன சொல்கிறது என்று வாசகர் கேட்கிறார்.

நான் முதலில் கிணற்றைத்தான் சந்தேகித்தேன். எங்கள் யாழ்ப்பாணக் குடாநாடே சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. கடலுக்கு அண்மையில் உவர்ந்துபோன கிணறுகளும் உண்டு. கறியுப்பு சிறிதளவு சேர்ந்தாலே இந்தத் தூள் வேகமாக இறுகும். ஆனால் கிணறு குற்றவாளி என்றால் முதல் வாளியும் அல்லவா அவசரப்பட்டிருக்க வேண்டும்? ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் மாறியது எது? வாளியைக் கழுவினார்களா என்று கேட்டு எழுதினேன். "கழுவவில்லை, சுரண்டிவிட்டுத்தான் கலந்தார்கள்" என்று பதில் வந்தது. நாவூறு பட்டது வீட்டுக்கு அல்ல, வாளிக்கு.

ஜிப்சம் என்பது கல்சியம் சல்பேற்று. உப்பளங்களில் கடல்நீர் வற்றும்போது உப்புக்கு முன்பாகவே தரையில் படிகிற பொருள் இது. ஒவ்வொரு கல்சியம் சல்பேற்றுக்கும் இரண்டு நீர் மூலக்கூறுகள் என்ற கணக்கில், தன் எடையில் ஏறக்குறைய 21 சதவீதம் தண்ணீரைக் கல்லுக்குள் பூட்டி வைத்திருக்கிறது. 8 அடிக்கு 4 அடி, 12.5 மில்லிமீற்றர் தடிப்புள்ள பலகை ஒன்று சுமார் 25 கிலோ இருக்கும். தொட்டால் காய்ந்து கிடக்கும் அந்தப் பலகைக்குள் ஏறத்தாழ ஐந்து லீற்றர் தண்ணீர் இருக்கிறது. தீப்பிடித்தால் முதலில் அந்த நீர் ஆவியாகி வெளியேற வேண்டும். அது முடியும்வரை பலகையின் மறுபக்கம் 100 பாகையைப் பெரிதாகத் தாண்டாது.

ஜிப்சத்தை 150 பாகை செல்சியஸ் அளவில் சுட்டால் நான்கில் மூன்று பங்கு நீர் போய்விடும். மிஞ்சுவதுதான் பாரிஸ் சாந்து. மூட்டையில் வந்த வெள்ளைத் தூளும் அடிப்படையில் இதுதான். பாரிஸ் நகரின் மொன்மார்த்ர் குன்றில் ஜிப்சம் வெட்டி எடுத்ததால் வந்த பெயர். இளைஞராக இருந்த இரசாயனவியலாளர் லவோசியே 1765இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் வைத்த முதல் ஆய்வே ஜிப்சத்தைப் பற்றியதுதான். சுடும்போது போனது நீர், சாந்து இறுகும்போது திரும்பி வருவதும் அதே நீர் என்று அவர் காட்டினார். ஆகவே இந்தத் தூள் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரைக் குடித்து இறுகுகிறது.

எப்படிக் குடிக்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1880களில் இதை அவிழ்த்தவர் லு சத்தலியே. இரசாயனச் சமநிலைத் தத்துவத்துக்காகப் பாடசாலையில் நாம் பெயரை மனப்பாடம் செய்தோமே, அவர்தான். சுட்ட தூள் ஒரு லீற்றர் நீரில் 8 கிராம் அளவுக்குக் கரையும். ஆனால் கரைந்ததும் அது மீண்டும் ஜிப்சமாக மாறத் துடிக்கிறது. ஜிப்சமோ லீற்றருக்கு 2 கிராமுக்குச் சற்று மேல்தான் கரையும். எனவே கரைசலுக்குள் தாங்கக்கூடியதைவிடப் பல மடங்கு சரக்கு. மிஞ்சியது ஊசி ஊசியாகப் பளிங்காகிறது. அது வெளியேறியதும் இன்னும் கொஞ்சம் தூள் கரைகிறது, அதுவும் ஊசியாகிறது. ஊசிகள் நீண்டு ஒன்றையொன்று குத்தி, பின்னி, நாயுருவி முட்கள் வேட்டியில் மாட்டிக்கொள்வதுபோல் சிக்கிக்கொள்கின்றன. அந்தச் சிக்கல்தான் உறுதி. இந்த வேளையில் வாளியைத் தொட்டால் இளஞ்சூடு தெரியும்.

ஆனால் முதல் ஊசி பிறப்பது எளிதல்ல. நாலைந்து மூலக்கூறுகள் சேர்ந்த சிறு கூட்டம், வளர்வதற்கு முன்பே பெரும்பாலும் மறுபடி கரைந்துபோகும். பனங்கற்கண்டு காய்ச்சுகிறவர்கள் பாணிக்குள் நூல் கட்டிவிடுவது இதனால்தான். பிடித்துக்கொள்ள ஒரு இடம் கிடைத்தால் கற்கண்டு அதில் ஏறி வளரும். கழுவாத வாளியின் ஓரத்தில் ஒட்டியிருந்தவை நூலைவிட மேலானவை, ஏற்கெனவே பிறந்துவிட்ட ஜிப்சப் பளிங்குகள். சுரண்டியபோது அவை பொடியாகி ஆயிரக்கணக்கில் பெருகின. புதிய கலவைக்குப் பிறப்புக்காகக் காத்திருக்கும் வேலையே இல்லை. மூன்றாவது வாளியில் இரண்டு வாளிகளின் மிச்சம் இருந்தது, கணக்குச் சரி.

தேசிக்காய்க்கு வருவோம். அதைச் சொன்னவர் பாதி சரி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தேசிக்காயில் உள்ள எலுமிச்சை அமிலம், வளரும் ஜிப்ச ஊசிகளின் முகங்களில் ஒட்டிக்கொண்டு வளர்ச்சியைத் தடுக்கிறது. தொழிற்சாலைகளும் இறுகலைத் தாமதப்படுத்த அதைச் சேர்ப்பதுண்டு. வாசலில் கட்டியதை வாளியில் சில துளி பிழிந்திருந்தால் பலித்திருக்கும். அளவு மிஞ்சினால் சாந்து பலமிழக்கும் என்பதால் வாளியைக் கழுவுவதே மலிவு. குடிபுகும் நாளில் நீற்றுப் பூசணிக்காய்க்குச் செலவழிக்கும் நாங்கள், பாடசாலை ஆய்வுகூடத்துக்கு ஒரு தராசு வாங்கித் தர யோசிக்கிறோம். சொன்னால் கோபிக்கிறார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருகாணியின் தலை கடதாசியைக் கிழிக்காமல் சற்றே உள்ளே போக வேண்டும். மூட்டுக்கு நாடா கட்டாயம். நாடா இல்லாத மூட்டு வெடிக்கும். பூச்சு மூன்று தடவை, ஒவ்வொன்றும் முந்தியதைவிட அகலமாக. பலகையின் அடி தரையைத் தொடக் கூடாது, ஈரம் ஏறும். கடைகளில் வாளியோடு விற்கும் குழைத்த பூச்சு வேறு சாதி: பெரும்பாலும் சுண்ணக்கல் மாவும் பசையும். அது நீரை இழந்துதான் இறுகும், இறுகும்போது சுருங்கும். கார்த்திகை மழையில் அதைப் பூசிவிட்டு நாட்கணக்கில் காத்திருக்க நேரிடும். மூட்டைத் தூளோ மழையிலும் இறுகும். ஆனால் 100 கிராம் தூளுக்கு உண்மையில் தேவைப்படும் நீர் 19 கிராமுக்கும் குறைவு. குழைவதற்காக நாம் விடுவது அதைப்போல் மூன்று மடங்கு. அந்த மிச்ச நீர் வெளியேறும்வரை பெயின்ற் அடிக்கக் கூடாது. முதலில் பிறைமர் பூசுங்கள், இல்லையேல் கடதாசியும் பூச்சும் வெவ்வேறு அளவில் பெயின்ற்றை உறிஞ்சி, மாலை வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு மூட்டும் பட்டை பட்டையாகத் தெரியும்.

கடிதத்துக்குப் பதில் எழுதும் முன் குசினியில் மூன்று கிண்ணங்களில் கலந்து பார்த்தேன். சுத்தமான கிண்ணம் அரை மணித்தியாலத்தில் இறுகியது. பழைய சாந்துப் பொடி ஒரு சிட்டிகை போட்டது, நான் தேநீர் குடித்து முடிக்கும் முன்பே. தேசிக்காய் பிழிந்தது இரவுச் சாப்பாட்டுக்கு மேசையைத் துடைக்கும்போதும் விரல் பதிகிற பதத்தில் இருந்தது. கிண்ணங்கள் மூன்றையும் நானே கழுவ வேண்டும் என்று வீட்டில் உத்தரவு.