பேட்டரி ஒயரைக் கழற்றும் முன்

காட்பாடியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். வருவதெல்லாம் பெரும்பாலும் கிணற்று மோட்டாரும் போர்வெல் மோட்டாரும்தான். போன ஆடியில் ஒடுகத்தூர் பக்கத்துத் தம்பி ஒருவர் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தது வேறு பொருள். கொல்லைக் கொட்டகையில் விளக்கெரிய அவரே செய்த காற்றாலை ஆல்டர்னேட்டர். இரண்டு இரும்புத் தட்டு, தட்டுக்கு 12 நியோடிமியம் காந்தம் (பிடிப்பு அதிகமான வகை), நடுவே ரெசினில், அதாவது ஊற்றினால் கல்லாக இறுகும் பசையில், வார்த்த 9 காயில். சுற்றியிருந்த நேர்த்தியைப் பார்த்து அசந்துபோனேன். ஆனால் ரெசின் முழுக்க ஏர் ஓட்டின மாதிரிக் கீறல், மூன்று காயிலில் காப்பர் அறுந்து தொங்கியது.

“இன்னாப்பா பண்ண?”

“ஒண்ணும் பண்லண்ணா. பேட்டரிக்குத் தண்ணி ஊத்தலாம்னு ஒயரக் கழட்டனேன்.”

அதுதான் பண்ணியது. பேட்டரி இழுக்கிற கரண்ட்தான் இறக்கைக்குக் கடிவாளம். அதை எடுத்துவிட்டால் காற்று அடிக்கிற வேகத்துக்கு இறக்கை பறக்கும். வோல்ட்டும் சுற்றோடு சேர்ந்து ஏறும்: நிமிடத்துக்கு 150 சுற்றில் 12 வோல்ட் தருவது 600 சுற்றில் 48 தரும். அன்றைக்கு அந்த வேகத்தில், வெறும் பசையில் நின்ற ஒரு காந்தம் பிய்த்துக்கொண்டு காயிலைச் சுரண்டியிருக்கிறது. கீழே ஆள் நிற்காதது நல்ல காலம்.

ஆகவே ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் மூன்று பேஸ் ஒயரையும் ஒன்றாக ஷார்ட் செய்கிற ஒரு சுவிட்ச் கட்டாயம் வேண்டும். காற்று தணிந்த நேரம் பார்த்து அதைப் போட்டு, இறக்கை அடங்கிய பிறகே பேட்டரியைத் தொடுங்கள். பலத்த காற்றில் போட்டால் காயில் கருகும். புயலுக்கு, இறக்கையைக் காற்றிலிருந்து ஒதுக்கித் திருப்பும் மடக்கு வால்தான் காப்பு. பேட்டரி நிறைந்தபின் மிஞ்சும் கரண்டை இழுக்க ஹீட்டர் காயில் மாதிரி ஒரு லோடும் வேண்டும்.

காந்தத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். இரண்டு காந்தத்துக்கு நடுவில் மாட்டிய விரல் நசுங்கும். மர மேசையில் வேலை செய்து, ஒவ்வொன்றாக எடுத்து, தட்டில் வடக்கு தெற்கு மாற்றி மாற்றி வையுங்கள். ஸ்பேனரைத் தள்ளி வையுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்தப் பக்கமே வரக்கூடாது. துளை போடவே போடாதீர்கள், அந்தத் தூள் தீப்பிடிக்கும். தட்டைச் சுற்றி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டை கட்டி ரெசின் ஊற்றுங்கள். இரண்டாவது தட்டைக் கையால் இறக்காமல், மூன்று மரைக்கம்பியில் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி இறக்குங்கள். சாதாரண ரக நியோடிமியம் 80 டிகிரிக்கு மேல் வலுவிழக்கும். நம்மூர் கத்திரி வெயிலில் காயில் சூடு குறைய, சுற்றும் கம்பியை ஒரு கேஜ் தடிமனாகவே எடுங்கள்.

கார் ஆல்டர்னேட்டர் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. அதற்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் வேண்டும், இந்த இறக்கை சில நூறுதான் சுற்றும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். காற்றின் வேகம் பாதியானால் கிடைக்கும் சக்தி எட்டில் ஒன்றாகிவிடும். பெரிய காற்றாலைகள் நிற்கும் முப்பந்தல் மாதிரிக் காற்று நமக்குக் கிடையாது. வீடுகளுக்கு நடுவே மொட்டை மாடியில் நட்டால் சுழல்காற்றுதான் மிஞ்சும். விளக்கு மட்டும் போதுமென்றால் சோலார் பேனல் வாங்குங்கள். திறந்த மேடும், உயரக் கம்பமும், செய்து பார்க்கும் ஆசையும் இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள்.

அந்தத் தம்பியோடு உட்கார்ந்து மறுபடி வார்த்தோம். கம்பத்தில் ஏற்றுமுன் அவருக்குக் காட்டிய சோதனை இது. மூன்று ஒயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டுக் கையால் சுற்றினால் கேழ்வரகுக் களி கிண்டுவதுபோல் இறுகும். பிரித்துவிட்டால் லேசாக ஓடும். பிரித்த பிறகும் இறுகினால் உள்ளே எங்கோ ஷார்ட், மேலே ஏற்றாதீர்கள்.