"பன்சலையில எரிக்க விடமாட்டம்" என்று கையெழுத்தை நிறுத்தி வைக்கிறவர்களுக்கு

தாய்லாந்தில் ஒருவர் இறந்துபோனால் அவரை அங்கேயே தகனம் செய்யச் சம்மதம் கொடுக்கும் சத்தியக்கடதாசி எழுத அவருடைய மட்டக்களப்பு உறவினர் சட்டத்தரணியிடம் வருவார்கள். கடதாசி தயாராகும், கையெழுத்து மட்டும் விழாது. "பன்சலையில எரிச்சா மதம் மாத்தினதாப் போயிரும் ஐயா" என்று எழும்பிப் போய்விடுவார்கள். பன்சலை என்றால் பௌத்த விகாரை. அங்கே பிரேதம் குளிர் அறையில் கிடக்கும், கட்டணம் நாளுக்கு நாள் ஏறும். இந்த ஒரு வாசகத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

தயக்கம் விளங்காமல் இல்லை. நம் பக்கத்துச் சைவக் குடும்பங்களில் பலருக்கு அடக்கம் செய்வதுதான் வழக்கம். எரிப்பதே மனதுக்கு ஒவ்வாது. அதற்கு மேல் பன்சலை என்றதும் இங்குள்ள காணிப் பிணக்கும் சிலைப் பிணக்கும் கண்முன் வந்து நிற்கின்றன. ஆனால் அதெல்லாம் இந்த ஊர்க் கதை. இலங்கையில் பிக்குமார் செத்த வீட்டுக்கோ மயானத்துக்கோ வந்து ஓதிவிட்டுப் போவார்கள், எரிப்பது பொது மயானத்தில். தாய்லாந்திலோ ஊரின் சுடலையே பெரும்பாலும் கோவில் வளவுக்குள்தான் இருக்கிறது. கோவிலை 'வாட்' என்பார்கள். புகைபோக்கி உயர்ந்து நிற்கும் எரியூட்டும் மண்டபம் 'மேரு'. நம் மேரு மலையேதான், எழுத்தில் மேரு, வாயில் 'மென்'. அங்கே எரிக்கப்படுவதால் யாரும் பௌத்தராகி விடுவதில்லை. மதமாற்றப் படிவமும் இல்லை, தீட்சையும் இல்லை. வேறு மதத்து வெளிநாட்டவர்கள் எத்தனையோ பேர் அப்படித்தான் எரிக்கப்படுகிறார்கள். பிக்குமார் ஓதுவது இறந்தவருக்குப் புண்ணியம் சேரட்டும் என்று. அது வேண்டாமென்றால் கோவில் பொறுப்பாளரிடம் முதலே சொல்லலாம். தேவாரம் பாட அரை மணி நேரம் கேட்டாலும் பெரும்பாலும் மறுப்பதில்லை.

முஸ்லிம் குடும்பங்களின் விடயம் முற்றிலும் வேறு. 2020இல் கொரோனாவில் இறந்தவர்களைக் கட்டாயமாக எரித்ததும், 2021 மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியதும் இந்த மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. தாய்லாந்தில் பள்ளிவாசல்களும் மையவாடிகளும் உண்டு. "எரிக்கக்கூடாது, ஜனாஸா அடக்கம் செய்யப்பட வேண்டும்" என்று முதல் மணித்தியாலத்திலேயே பாங்கொக்கிலுள்ள இலங்கைத் தூதரகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது போதாது.

இனி, யார் கையெழுத்து? சட்டப்படி உரித்துள்ளவருடையது. விவாகப் பதிவு இல்லாமல் அங்கே பத்து வருடம் கூட வாழ்ந்த பெண்ணிடம் வைத்தியசாலை பிரேதத்தை இலகுவில் ஒப்படைக்காது. இங்குள்ள குடும்பமோ அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டாலே கொதிக்கும். கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வாட்டுக்குப் போய் நாள் குறித்து, பெட்டி எடுத்து, சாம்பல் பொறுக்க அந்த இடத்தில் நிற்பது அவர் ஒருவர்தான். அதிகாரம் அளிக்கும் கடிதத்தில் அவருடைய பெயரையே போடுங்கள்.

சத்தியக்கடதாசி ஆங்கிலத்தில், ஒரே பக்கத்தில் போதும். இறந்தவரின் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து, கடவுச்சீட்டு இலக்கம், உறவு முறை, தாய்லாந்தில் தகனம் செய்ய ஆட்சேபனை இல்லை என்ற ஒரு வரி, பொறுப்பேற்பவரின் பெயரும் அடையாள இலக்கமும், அஸ்தியை யாரிடம் கொடுப்பது என்பது. (சக சட்டத்தரணிகளே, 'மேற்சொன்ன', 'கீழே கையொப்பமிடும்' அலங்காரமெல்லாம் வேண்டாம். அதை வாசிக்கப்போவது பாங்கொக்கில் ஒரு லிகிதர்.) விவாகச் சான்றிதழ் அல்லது பிறப்புச் சான்றிதழோடு கிராம சேவகர் கடிதத்தில் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் இருக்கட்டும். வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவுக்கும் தூதரகத்துக்கும் ஸ்கேன் பிரதியை உடனே அனுப்புங்கள். தாய்லாந்து மணி நமக்கு ஒன்றரை மணித்தியாலம் முன்னே ஓடுகிறது. பின்னேரம் மூன்று மணிக்கு அனுப்பினால் அங்கே நாலரை, கந்தோர் மூடுகிற நேரம்.

கையெழுத்து வைக்க முன் மரணக் காரணத்தைக் கேளுங்கள். வைத்தியசாலைக்கு வெளியே நடந்த மரணம், விபத்து, தற்கொலை என்றால் பொலிஸ் பிரேதப் பரிசோதனை நடக்கும். சந்தேகம் இருந்தால் அப்போதே எழுத வேண்டும். எரித்த பிறகு "திரும்பப் பாருங்கோ" என்று வந்தால் பார்க்க எதுவும் இருக்காது. நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர் என்றால் கட்டாயம் சொல்லுங்கள், சூட்டில் வெடிக்கும்.

வாட்டில் நடப்பது சிக்கலானதல்ல. இறந்தவரின் வலது கைக்கு நீர் வார்ப்பார்கள். பிறகு 'சாலா' என்ற மண்டபத்தில் பெட்டி இருக்கும், பின்னேரங்களில் வழக்கமாக நான்கு பிக்குமார் அபிதம்மம் என்ற பௌத்த மறைப் பகுதியை ஓதுவார்கள். ஒற்றைப்படை இரவுகள், ஒன்று, மூன்று, ஐந்து அல்லது ஏழு. வசதி குறைந்தவர்கள் ஒன்றோடு நிறுத்தலாம், யாரும் குறை நினைக்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமை எரிப்பதில்லை. அவர்கள் மொழியில் அது 'வான் சுக்', சுக்கிரனுடைய நாள்தான், ஆனால் காதில் 'சுகம்' என்று விழுகிறது. எரிக்கும்போது வருபவர்கள் ஆளுக்கொரு சந்தனச் சீவல் பூ வைப்பார்கள். கறுப்போ வெள்ளையோ உடுத்துங்கள். மண்டப வாடகை, மின்சாரம், பெட்டி, எரிபொருள், பிக்குமாருக்கான காணிக்கை எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். மொத்தமாகப் பேசிவிட்டுப் பிறகு சண்டை பிடிக்காதீர்கள்.

இன்னொன்று, பெயர். மரணம் 24 மணித்தியாலத்துக்குள் உள்ளூர்ப் பதிவாளரிடம் அறிவிக்கப்பட வேண்டும். கிடைக்கும் சான்றிதழ் தாய்லாந்து எழுத்தில் இருக்கும். தவராசா என்ற பெயரை அந்த எழுத்தில் எழுதித் திரும்ப ஆங்கிலத்துக்கு எடுத்தால், 'வி' இருந்த இடத்தில் 'டபிள்யூ' வந்து நிற்கும். அவ்வளவு போதும், ஊழியர் சேமலாப நிதியும் வங்கியும் கோப்பைத் திருப்பி அனுப்ப. மொழிபெயர்ப்பாளரிடம் கடவுச்சீட்டுப் பிரதியைக் கொடுத்து, அதைப் பார்த்தே எழுதச் சொல்லுங்கள். ஆண்டையும் பாருங்கள்: அவர்களுடைய பௌத்த ஆண்டு நம் கணக்குக்கு 543 கூட, 2024 என்பது 2567 ஆக இருக்கும். பிறகு அந்த மரணத்தை 1981ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க கொன்சியூலர் பணிகள் சட்டத்தின் கீழ் தூதரகத்தில் பதிந்துகொள்ளுங்கள். காணி மாற்றமும் விதவைப் பென்சனும் அந்தச் சான்றிதழைத்தான் கேட்கும்.

அஸ்தியை உலோகச் செம்பில் கொண்டுவராதீர்கள், எக்ஸ்ரே ஊடுருவாமல் விமான நிலையத்தில் மறித்துவிடுவார்கள். மரப்பெட்டி நல்லது. வாட் கொடுத்த தகனச் சான்றிதழையும் மரணச் சான்றிதழையும் பெட்டியோடு கையிலேயே வைத்திருங்கள். விமானக் கம்பனிக்கு முதலே சொல்லுங்கள். முப்பத்தோராம் நாளுக்குள் திருக்கோவில் கடலில் கரைக்க வேண்டுமென்றால் எரித்த மறுநாளே பயணச்சீட்டுப் பார்க்கத் தொடங்குங்கள்.