லிம்போமா: கட்டியா, புற்றா?

காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும், தொட்டால் வலிக்கும். அந்த நெறியைத்தான் மருத்துவத் தமிழ் நிணநீர்க்கணு என்கிறது. ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நோயிலும் கணு வீங்கும். ஆனால் பெரும்பாலும் வலிக்காது, ரப்பர் போலிருக்கும், புண் ஆறினாலும் வற்றாது.

லிம்போமாவின் முன்பாதி 'லிம்பா' என்ற லத்தீன் சொல். தெளிந்த நீர் என்று பொருள். பின்பாதியான 'ஓமா' கிரேக்க விகுதி. மருத்துவத்தில் கட்டியைக் குறிக்கும். தமிழாக்கியவர்கள் தெளிவை விட்டுவிட்டு நிணத்தைப் பிடித்து, 'நிணநீர்' என்றார்கள். சங்கப் பாடல்களில் நிணம் என்றால் ஊனிலுள்ள கொழுப்பு. குடலில் செரித்த கொழுப்பைச் சுமந்து பால்போல் வெளுத்து வருவதும் கணுக்கள் வழியே ஓடும் இந்த நீர்தான் என்பதால், மூலச்சொல்லைவிட நம் சொல் ஒருபடி மேல் என்பேன்.

சிக்கல் 'ஓமா'வில்தான். நேராகப் பெயர்த்தால் 'நிணநீர்க் கட்டி'. லைப்போமா வெறும் கொழுப்புக் கட்டி, ஆபத்தில்லாதது; லிம்போமாவோ எப்போதும் புற்று. ஆகவே 'ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்று' என்பதே சரி. 1832இல் இதை விவரித்த லண்டன் மருத்துவர் தாமஸ் ஹாட்ஜ்கினின் பெயரை, 1865இல் சாமுவேல் வில்க்ஸ் நோய்க்குச் சூட்டினார். நுண்ணோக்கியில் ஆந்தைக் கண்போல் இரு உட்கருக்களோடு விழிக்கும் ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல்லே இதன் அடையாளம்.

'நீர்' என்ற பகுதியும் வீணில்லை. மற்ற பல லிம்போமாக்கள் கண்டபடி தாவும். இதுவோ வாய்க்கால் வழியே போவதுபோல் பக்கத்துக் கணுவுக்கு நகரும்: கழுத்து, நெஞ்சின் நடுப்பகுதி, பிறகு நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்துக்குக் கீழே மண்ணீரல், வயிற்றுக் கணுக்கள். கல்லீரல், எலும்பு மஜ்ஜைக்கு வருவது பொதுவாகக் கடைசியில்தான். நோயின் நான்கு நிலைகளைப் பிரிப்பதும் இந்த வரிசையை ஒட்டித்தான். உதரவிதானத்தின் ஒரே பக்கம் என்றால் 1 அல்லது 2. இருபக்கமும் என்றால் 3. கணுக்களை விட்டு உறுப்புகளில் பரவலாக இறங்கினால் 4.

நெஞ்சு எக்ஸ்ரேயில் இரு நுரையீரல்களுக்கும் இடையிலுள்ள வெள்ளைப் பட்டை அகன்று தெரியும். சளிக்கென்று எடுத்த படத்தில் தற்செயலாகக் கண்ணில் படுவதும் உண்டு. சிடி ஸ்கேனில் நீளவாக்கில் 1.5 செ.மீ.க்கு மேற்பட்ட கணு சந்தேகத்துக்குரியது. பெட் ஸ்கேன் வேறு வகை. கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் செலுத்துவார்கள். புற்றுச் செல்கள் அதை ஆவலாக இழுத்துக்கொண்டு ஒளிரும். மூளையும் சிறுநீர்ப்பையும்கூட ஒளிரும், அது இயல்பு.

சிகிச்சை முடிந்த பிறகு கட்டிக்கும் புற்றுக்கும் உள்ள வேறுபாடு படத்திலேயே தெரியும். சிடியில் கட்டி அப்படியே உட்கார்ந்திருக்கலாம், வெறும் தழும்புத் திசுவாக. பெட் படத்தில் அந்த இடம் ஒளிர்கிறதா என்று கல்லீரலோடு ஒப்பிட்டு, டோவில் அளவுகோலில் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். 3 வரை வந்தால், கட்டி மிஞ்சியிருந்தாலும், பொதுவாக நோய் முழுமையாக அடங்கியதாகவே கொள்வார்கள்.